மடைமரத்து இரண்டாவது டிரம்

கருக்கனேந்தலில் மரம் இல்லாத இடத்தில் நிழல் விழத் தொடங்கியது தை மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. அன்று வானம் முழுக்க மூடிக் கிடந்தது, கோழிக்கும் நிழல் இல்லை, கம்பத்துக்கும் நிழல் இல்லை, ஆளுக்கும் நிழல் இல்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மேற்கே, கார்த்திகையில் கருவேல மரங்களை வேரோடு பிடுங்கிவிட்ட பொட்டலில், பதினாறு மரங்களின் நிழல் கொப்பும் முள்ளுமாகத் தரையில் படுத்திருந்தது. முதலில் கண்டது ஆடுகள். அவை மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து, ஒவ்வொன்றும் ஒரு மரத்தடி என்று கணக்காகப் பிரிந்து படுத்து அசைபோட்டன.

காரணத்தைத் தேட யாரும் அதிக நேரம் செலவழிக்கவில்லை. அன்று காலையில்தான் மிளகாய் உலர்த்தும் கொட்டகையில் மர எண்ணெயை முதன்முதலாகக் கொளுத்தியிருந்தார்கள்.

எங்கள் ஊர் முண்டு மிளகாய் வெயிலில் காய்வது. மேகம் போட்டால் மூன்றே நாளில் பூஞ்சை பிடித்து வெளுத்துவிடும். அதற்காகப் பெண்கள் குழு ஒரு கொட்டகை போட்டு, இருநூற்று நாற்பது தட்டு அடுக்கி, டீசல் பர்னர் வைத்து, சூட்டுக் காற்றை ஊதி உலர்த்திவந்தது. போன வருடம் ஒரு தொழிற்சாலைக்காரர் வந்தார். ஊரைச் சுற்றி அடைத்துக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டிக் காயவைத்துச் சிராய் சிராயாக அரைத்து, காற்றுப் புகாத இரும்புக் கலத்தில் போட்டுச் சூடேற்றி, வந்த ஆவியைக் குளிரவைத்து எண்ணெயாக இறக்கினார். மிஞ்சிய கரி அவருக்கு, எண்ணெய் எங்களுக்கு. கடுங்காப்பி நிறம், புகையும் புளிப்பும் கலந்த வாடை. இரும்பை அரித்துவிடும் என்று பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றிக் கொடுத்தார். இடுப்பு உயரத்தில் பதினான்கு டிரம், ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர். மரத்தை எடை போட்டவன் நான் என்பதால், எந்த டிரம் எந்த இடத்து மரம் என்று சாக்பீஸால் நான்தான் எழுதினேன். கொட்டகை எண்ணெய்க்கும் பொறுப்பு என்னுடையது. மணிக்கு இருபத்திரண்டு லிட்டர் எரியும். ஒரு டிரம் ஒன்பது மணி நேரம் வரும்.

பர்னர் எரிகிறவரை நிழல் இருந்தது, பர்னரை நிறுத்தினால் நிழல் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது மேகமூட்டத்தில் இரண்டாவது டிரம்மைக் கொளுத்தியபோது ஊரே பழகியிருந்தது. வெறுங்காலோடு போகிறவர்கள் தரையில் கிடந்த முள்ளின் நிழலைத் தாண்டிக் கால் எடுத்து வைத்தார்கள். அதை மிதித்தவர் யாரும் இல்லை. ஆண்கள் துண்டை விரித்துச் சீட்டாடினார்கள். வானத்தில் காக்கை இல்லை, ஆனால் தரையில் கிடந்த கொப்பில் ஒரு காக்கையின் நிழல் வந்து உட்கார்ந்து, அலகைத் தேய்த்துவிட்டு, எழுந்து போனது. அதைப் பார்த்த பிறகும் யாரும் சீட்டைக் கீழே வைக்கவில்லை.

தேநீர்க்கடை சீனி முகமதுதான் ஒருநாள் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இத்தன வருசமா டீசல் எரிச்சோமே, அதுவும் என்னைக்கோ உசுரா இருந்ததுதானாம். அந்த நிழலெல்லாம் எங்க போயி விழுந்துச்சோ?"

கேட்டுவிட்டு அடுத்த தம்ளரை எடுத்தார்.

மரத்தோடு ஆட்களின் நிழலும் வருவதை நான்காவது டிரம்மில் கண்டார்கள். அந்த மரத்தடியில் நெடுநாள் உட்கார்ந்தவர்கள், தூங்கியவர்கள், காத்துக் கிடந்தவர்கள், அவர்களின் நிழல் அங்கேயே இருந்தது. பஸ் நிற்கும் இடத்து மரத்தடியில் ஒரு நிழல் முதுகைச் சொறிந்துகொண்டே இருக்க, குழுவில் வாய்த்துடுக்கு மிகுந்த அங்காளி, "ஏத்தா, இது நம்ம சீனி பாய் சொறியிற சொறியில்ல?" என்றாள். கடையிலிருந்த அவரைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். நிழல் கையைத் தூக்கியது. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். நிழலும் நின்றது.

"போதும்டி, அறுவது வயசுல என்னைய ஆட்டம் ஆட விடுறீகளே" என்று அவர் உள்ளே போனார். நிழல் குனிந்து அடுப்பு ஊதியது.

ஆக, உயிரோடு இருப்பவரின் நிழல், அவர் எங்கே இருந்தாலும், இந்த நிமிடம் என்ன செய்கிறாரோ அதைச் செய்தது. செத்தவரின் நிழல் அசையாமல், அங்கே கடைசியாக உட்கார்ந்த மாதிரியே இருந்தது. எட்டு டிரம் எரிந்தவரை நான் எண்ணியது முப்பத்தொன்பது ஆள் நிழல், அதில் அசைந்தவை இருபத்தாறு, அசையாதவை பதின்மூன்று. பதின்மூன்று பேருக்கும் ஊரில் சாவு வீடு நடந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இதுவும் ஊருக்குப் பழகிவிட்டது. அசையாத நிழலைச் சுற்றிக் கல் அடுக்கி, மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். சிலர் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்தார்கள். கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போன மகன் சாப்பிட்டானா என்று ஒரு தாய் மேகம் போட்ட நாளெல்லாம் வந்து பார்த்து, நிழல் கையை வாய்க்குக் கொண்டுபோனதும் எழுந்து போவாள். உழவுக்குப் போவதாகச் சொன்ன புருசனின் நிழல் சீட்டுப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தி விளக்குமாற்றோடு கிளம்பினாள்.

கொட்டகையில் பர்னரைக் கவனித்தவள் பஞ்சவர்ணம். அவள் புருசன் காளிராசு முறுக்கு சுடும் ஒரு கூட்டத்தோடு வடக்கே போய் ஆறு வருடம் நான்கு மாதம் ஆகிறது. போகிற வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினான், வண்டி கிளம்பிவிட்டது, ஆள் ஏறவில்லை என்று கூட்டத்துக்காரர் வந்து சொன்னார். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. அவன் தம்பி இருளப்பன் வருடத்துக்கு ஒருமுறை, "மதினி, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுருவோம்" என்று கேட்பான். "ஒங்கண்ணன் வந்து சாப்பாடு கேட்டா என்ன சொல்லுவீக?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். பேச்சு அதோடு முடியும்.

காளிராசு ஊரில் இருந்தவரை, கண்மாய் மடையை ஒட்டி நின்ற பெரிய கருவேல மரத்தடியில்தான் பொழுதைக் கழித்தான். அந்த ஒரு மரமே காய்ந்த எடையில் எழுநூற்று இருபது கிலோ இருந்தது. இரண்டு டிரம் எண்ணெய். இரண்டிலும் 'மடைமரம்' என்று எழுதியிருந்தேன்.

முதல் டிரம்மைத் தை இருபத்தெட்டில் கொளுத்தினோம். அதில் ஒரு தப்பு நடந்துபோனது.

எங்கள் பெண்கள் எந்தப் பாத்திரத்தையும் சுத்தமாகத் துடைத்து எடுக்க மாட்டார்கள். அரிசிப் பானையில் ஒரு பிடி, மாவுச் சட்டியில் ஒரு கரண்டி, எண்ணெய்ச் சொம்பில் ஒரு சொட்டாவது கிடக்க வேண்டும், அதன்மேல்தான் புதுசை ஊற்ற வேண்டும், துடைத்தால் வீடு வறண்டுபோகும் என்பார்கள். பர்னர் தொட்டியையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய எண்ணெயில் நான்கைந்து லிட்டரை விட்டுவைத்து, மேலே புதியதை ஊற்றினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, கை அப்படித்தான் போனது. மற்ற நாளில் அந்தக் கலப்பு யாருக்கும் உறுத்தவில்லை. தொட்டியில் கிடந்தது சுடுகாட்டுப் பாதை மரத்து எண்ணெய்.

அதனால் அன்று மடையடியில் விழுந்த நிழலில் இரண்டு ஆள் ஒன்றாகக் கிடந்தார்கள். இடது தோள் இரண்டு விரல் தாழ்ந்து, கழுத்து நீண்டு இருந்தது காளிராசுதான், பஞ்சவர்ணம் எட்டத்திலேயே கண்டுகொண்டாள். ஆனால் அவன் மேலேயே வேறு எவரோ ஒருவரின் அசையாத நிழல் அப்பிக்கிடந்து, எது அவன் கை, எது மற்றவர் கால் என்று பிரிக்க முடியவில்லை. சுடர் நடுங்கியபோதெல்லாம் நிழலும் நடுங்கியது. பாதிப் பேர் அசைகிறது என்றார்கள். பாதிப் பேர் நடுங்குகிறது என்றார்கள். அவள் ஒன்பது மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, எண்ணெய் தீர்ந்ததும் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இன்னொன்னு இருக்குல்ல?"

"இருக்குத்தா."

"அதத் தொடாதீக. நான் சொல்றப்பத்தான் எடுக்கணும்."

எடுக்கச் சொல்லவே இல்லை. தினமும் காலையில் வந்து, அடியில் கசடு தங்கிவிடாதபடி அந்த டிரம்மை உருட்டிவிட்டுப் போவாள். மேகம் போட்ட நாளில் வேறு டிரம்மைக் காட்டுவாள். எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தபின் காத்திருக்க முடியாமல் போகலாம், அதுதான் அவள் பயம். இந்த எண்ணெயை வைத்துக் காப்பாற்றவும் முடியாது. நாலு மாதம் தாண்டினால் பாகு மாதிரி இறுகிவிடும், பிறகு பர்னரில் ஏறாது என்று தொழிற்சாலைக்காரர் சொல்லியிருந்தார். மாசி பிறந்தபோது டிரம்மை உருட்டினால் உள்ளே சத்தம் மந்தமாகத்தான் கேட்டது.

மாசி பதினேழாம் தேதி, பருவமில்லாத மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. இருபத்து மூன்று குடும்பத்து மிளகாயும் கொட்டகைத் தட்டில் ஏறியிருந்தது. இருபதாம் தேதி காலையில் மழை நின்றும் மேகம் விலகவில்லை. பதின்மூன்று டிரம்மும் காலி. டீசல் வாங்கி வரலாம் என்றால் ஓடைப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. தட்டில் கைவைத்த அங்காளி விரலை மோந்துபார்த்தாள்.

"பஞ்சவர்ணம், வாடை மாறுதுடி."

இருபத்து மூன்று வீட்டுப் பெண்களும் மிச்சமிருந்த அந்த ஒரு டிரம்மைச் சுற்றி நின்றார்கள். அவள்தான் கடைசியில் சொன்னாள்.

"எரிங்க. ஆனா தொட்டியத் தொடச்சுட்டுத்தான் ஊத்தணும். ஒரு சொட்டு பழசு இருக்கப்படாது."

"தொடைக்கிறதா? விளங்குமாத்தா?" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

"விளங்காட்டி எனக்குத்தான விளங்காது. நானே தொடைக்கிறேன்."

சாக்கைக் கிழித்து எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து, மூலை மூலையாகத் துடைத்து, சாக்கைப் பிழிந்து, மறுபடி துடைத்து, கையை முழங்கைவரை கறுப்பாக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். குழாயில் தங்கியதையும் வடித்தோம். சரியாக எட்டுப் பத்துக்குக் கொளுத்தினேன்.

எட்டு இருபத்தைந்துக்கு மடையடியில் மரம் விழுந்தது. அதன் கீழே ஒரே ஒரு ஆள் நிழல், மை தொட்டு வரைந்த மாதிரி, ஒருக்களித்துப் படுத்திருந்தது. இடது தோள் தாழ்ந்திருந்தது.

அசையவில்லை.

பஞ்சவர்ணம் கரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். கொட்டகைக்கும் கரைக்கும் எண்பத்திரண்டு எட்டு. நான் அரை மணிக்கு ஒருமுறை பர்னரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்பது ஆனது, பத்து ஆனது, பதினொன்று ஆனது. மர நிழலில் இலைகள் ஆடின, ஆள் நிழலில் விரல்கூட ஆடவில்லை. பெண்கள் தட்டைத் திருப்பப் போய்விட்டுத் திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். பதினொன்றேகாலுக்கு இருளப்பன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான்.

"மதினி, மூணு மணி நேரம் ஆச்சு. அசையலயே."

"தூங்குறாக."

"மதினி..."

"பகல்ல தூங்குவாக. ராவெல்லாம் முறுக்குச் சுடுற ஆளு. நீங்க சும்மா இருங்க தம்பி."

சொன்னாளே தவிர, கை தாலியைப் பிடித்திருந்தது. நான் எண்ணிய பதின்மூன்று பேரும் என் நினைவுக்கு வந்தார்கள். அவர்களிலும் இரண்டு பேர் ஒருக்களித்துப் படுத்தவர்கள்தான்.

பதினொன்று நாற்பதுக்கு அந்த நிழல் காலை நீட்டியது. பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டது.

முதலில் குலவை போட்டது அங்காளி. அடுத்து எல்லாரும் போட்டார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. இருளப்பன் தரையில் மண்டியிட்டு, "அண்ணே, அண்ணே" என்று நிழலின் பாதத்தருகே மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். சீனி பாய் ஒரு தூக்குவாளி நிறையத் தேநீர் கொண்டுவந்தார்.

நிழல் முகம் கழுவியது. மாவு பிசைந்தது. அச்சை இரண்டு கையாலும் அமுக்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பிழிந்தது. நான் எண்ணினேன், ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பத்து முறுக்கு.

"கை வேகம் கொறையல பாரு. எந்த ஊர்ல சுடுறாரோ, வாடை மட்டும் வந்தா நல்லாருக்கும்" என்றாள் அங்காளி.

"வாடை வந்தா நீ நிழலையே தின்னுருவியே" என்றாள் பஞ்சவர்ணம். ஆறு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். நிழல் நெற்றியைத் துடைத்தால் இவள் முந்தானையை எடுத்தாள். நிழல் தண்ணீர் குடித்தால் இவள் தொண்டை ஏறி இறங்கியது. அவன் கெண்டைக்கால் மெலிந்துவிட்டது, வந்ததும் ஆட்டுக்கால் வேகவைத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூடச் சொன்னாள்.

மூன்று மணிக்கு நிழல் அச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது. எதையோ பார்த்து இரண்டு கையையும் விரித்தது. குனிந்து, முழங்கால் உயரத்தில் எதையோ இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேலே ஒருமுறை போட்டுப் பிடித்து, கழுத்துக்குப் பின்னால் இருத்திக்கொண்டது. பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, எதையோ பிடிப்பதுபோல் பொத்திக்கொண்டது.

தோளில் ஒன்றுமில்லை. மடைமரத்தடியில் உட்காராத ஆளுக்கு அங்கே நிழல் ஏது? பொத்திய கைகளுக்கு நடுவே ஒரு சாண்தான் இருக்கும்.

அங்காளி ஒரு எட்டு முன்னால் வந்து பார்த்தாள்.

"மாவு மூட்டயா இருக்கும்" என்றாள் அங்காளி, மெதுவாக.

"மாவு மூட்டைய யாரு காலப் புடிச்சுத் தூக்குவா?" என்றாள் பஞ்சவர்ணம்.

நிழல் குதித்தது. குதிரை மாதிரி, வலக்காலை முன்னால் வைத்து, மரத்தடியைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. நடுநடுவே நின்று, கழுத்தை வளைத்து மேலே பார்த்தது, பார்த்துவிட்டு மறுபடி குதித்தது. மரமில்லாத தரையில், சத்தமில்லாமல், எதுவுமில்லாத தோளோடு ஒரு ஆள் நிழல் குதிப்பதைப் பார்த்து, அதுவரை மரத்தடியில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து போயின.

இருளப்பன் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துவந்து நிழலின் மேல் விரித்தான். நிழல் தார்ப்பாயின் மேல் ஏறிக் குதித்தது. அவன் நான்கு மூலையிலும் கல்லைத் தூக்கி வைத்தான், பிறகு நடுவில் நின்று கையை விரித்து மறைத்துப் பார்த்தான், அவன் சட்டையின் மேலும் அது குதித்தது.

"பர்னர நிறுத்துங்கண்ணே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். "மதினி, நிறுத்தச் சொல்லுங்க. போதும். நம்ம யாரும் பாக்கல, எதுவும் பாக்கல."

அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். என்னிடம்தான் கேட்டாள்.

"எவ்வளவு மிச்சம்?"

"நாப்பத்தாறு லிட்டரு. ரெண்டு மணி நேரம் வரும்."

"மிளகா காஞ்சுருச்சா?"

"இன்னும் ஈரம் இருக்கு. ரெண்டு மணி நேரம் வேணும்."

"அப்ப எரியட்டும்."

இருளப்பன் அழுதான். "எதுக்கு மதினி? நாறட்டும் மிளகா. என் வீட்டு மிளகாயும் அதுலதான் கெடக்கு, நாறட்டும்ங்கிறேன்."

"ஒங்க வீடு ஒண்ணு. மிச்சம் இருபத்திரெண்டு வீடு இருக்கு" என்றாள். பிறகு கரையில் நின்ற பெண்களைப் பார்த்து, குழுக் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னாள். "எல்லாரும் உள்ள வாங்க. தட்டத் திருப்ப ஆள் பத்தாது. இங்க யாரும் நிக்க வேணாம்."

ஒருவர்கூட நிற்கவில்லை. இருளப்பனையும் அங்காளி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கண்மாய்ப் பக்கத்து ஜன்னலுக்குச் சாக்கு தொங்கவிட்டேன். இருநூற்று நாற்பது தட்டையும் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக மாற்றினார்கள். மிளகாய் நெடியில் எல்லாரும் தும்மினார்கள், மூக்கைச் சிந்தினார்கள். பஞ்சவர்ணம் நடுத் தட்டடுக்கில் நின்று, மற்றவர்கள் ஒரு தட்டுத் திருப்புகிற நேரத்தில் இரண்டு தட்டுத் திருப்பினாள். ஒரே ஒரு தடவை, ஜன்னலுக்கு நேராக வந்தபோது, கை நின்றது. பிறகு அடுத்த தட்டுக்குப் போனது.

வெளியே, பார்க்க ஒரு ஆடுகூட இல்லாத வெட்டவெளியில், அது குதித்திருக்கலாம், இறக்கிவிட்டிருக்கலாம், மடியில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கலாம், தட்டித் தூங்கவைத்திருக்கலாம்.

ஐந்து பதினைந்துக்குப் பர்னர் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. காற்று ஊதும் விசிறியும் சுற்றிச் சுற்றி மெதுவாக நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் கொட்டகை வேறு இடம்போல் இருந்தது. எல்லாரும் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே விதை கலகலத்தது.

"அங்காளி, போயிப் பாத்துட்டு வா."

அங்காளி போனாள். கதவருகே வந்து நின்றாள்.

"என்னடி?"

"வெறுந்தரைதான்த்தா."

"சரி" என்றாள் பஞ்சவர்ணம். "தட்ட இறக்குங்க."